ஷாக் அடிக்காத விரல்

பிளாஸ்டிக் ஷீட் ரோலை விரலால் தடவிச் சுருக்கம் கண்டுபிடிப்பதுதான் ஆலையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் வேலை. இருபது வருடமாகத் தப்பாத விரல். இந்த மாதம் மட்டும் அவள் பார்த்து அனுப்பிய மூன்று ரோல்கள் சுருக்கத்தோடு திரும்பி வந்துவிட்டன. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். காரணம்தான் பிடிபடவில்லை.

“ரோலைத் தொட்டா எங்க எல்லாருக்கும் ஷாக் அடிக்குது. உங்களை மட்டும் விட்டுடுது. கரண்டுக்கே உங்களைக் கண்டா பயம்க்கா,” என்று சிரித்தார் ஆலை எலக்ட்ரீஷியன்.

ஆனாலும் அவருக்கு அது உறுத்தியது. ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார். “இப்பத் தொடுங்க.”

ரோலிலிருந்து அவள் விரலுக்கு நீலப் பொறி ஒன்று சடக்கென்று பாய்ந்தது.

“ரோல் உரசி ஓடும்போது மின்சாரம் சேருது. சாதாரணமா காத்து அதை விடாது. ரொம்பச் சேர்ந்தா, காத்தே ஒரு கணம் கம்பியா மாறி வழி விட்டுடும். எங்க மேல பாயுற அதே பொறிதான்க்கா இது.”

“அழகா இருக்கு,” என்றாள் அக்கா.

“வலிக்கலையா?”

“இல்லையே.”

அவர் சிரிப்பு நின்றது. “விரல் மரத்துப் போயிருக்குக்கா. எத்தனை நாளா?”

அவளுக்குத் தெரியவில்லை.

அவர் விளக்கைப் போட்டு, இன்னொரு சின்ன விளக்கை ரோலுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்துக் கட்டினார். சுருக்கம் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரிந்தது.

“இனிமே கண்ணால பாருங்க. நாளைக்குக் காலையில விரலை டாக்டர்கிட்ட காட்டுங்க.”