பேரிங் மட்டும் மாத்து

"இது என் மெஷினே இல்லை. எவன் வீட்டு மெஷினையோ ஏத்தி அனுப்பிட்டே!"

கடைசல் பட்டறை அண்ணன் ஆள் அனுப்பி வரவழைத்து இப்படி ஒரே போடாகப் போட்டதும் மெருகு மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது நாள் சோறு தண்ணி பார்க்காமல் உழைத்து, நாற்பது வயசு லேத்தைப் புது மெருகோடு லாரியில் ஏற்றி அனுப்பியவர் அவர். அதற்குக் கிடைத்த வெகுமானம் இது.

மெருகு என்பது அவருக்கு ஊர் வைத்த பட்டம். பழைய மெஷின் எது வந்தாலும் கடைசி ஆணி வரைக்கும் பிரித்து, துரு சுரண்டி, பளபளவென்று ஆக்காவிட்டால் அவருக்குக் கை நமநமக்கும். "அந்த ஆள்கிட்ட துடைப்பக்கட்டையைக் குடுத்தாலும் பாலிஷ் போட்டுத்தான் திருப்பித் தருவாரு" என்று கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

"அண்ணே, சத்தியமா உங்க மெஷின்தான். இதோ நம்பரு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு வெளிய கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"நம்பரு கெடக்குது." அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு கோபம் போலிருக்கிறது. காலடியில் இருந்த டப்பாவை எட்டி உதைத்தார். பத்துப் பதினைந்து பித்தளை புஷ்கள் கணகணவென்று உருண்டன. பம்பு கம்பெனிக்கு அவர் வருஷக்கணக்காகக் கடைந்து கொடுக்கும் அதே வளையங்கள். "காலையிலேர்ந்து மாடா உழைச்சேன். ஒண்ணாவது அளவுக்கு வரணுமே!"

மேஸ்திரி மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். ஒன்று அரை மில்லி தடிப்பு, அடுத்தது கால் மில்லி ஒல்லி. கண்ணை மூடிக்கொண்டு கடைந்தாலும் அளவு தப்பாது என்று தொழிலில் பேர் வாங்கிய மனுஷன் கடைந்ததா இது?

அண்ணி உள்ளேயிருந்து வந்து நின்றாள். "நாளைக்குக் காலையில கம்பெனி வண்டி வருது தம்பி. பேரிங் ஆடி, ரெண்டு தடவை சரக்கு திரும்பிடுச்சு. இந்தத் தடவையும் அளவு தப்பினா வேற பட்டறையைப் பார்த்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. நமக்கு அந்த ஒரு கம்பெனியை விட்டா வேற யாரு?"

மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லேத்தைச் சோதிப்பதில் இறங்கினார். பேரிங்கைச் சுழற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்தார். முள் அசையவில்லை. கடைசியில் தானே ஒரு புஷ் கடைந்து அளந்தார். மயிரிழை பிசகவில்லை.

"நான் கடைஞ்சா வருதேண்ணே!"

"அப்போ குத்தம் என் மேலங்கிறே?" அண்ணன் சீறினார். அவரை ஒதுக்கிவிட்டு, ஒரு புஷ்ஷை மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினார், நிறுத்தினார், கொஞ்சம் பின்னால் திருப்பினார், மறுபடி நிறுத்தினார். அளந்து பார்த்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினில் ஒரு குறை இருந்தாலாவது சரி பண்ணலாம். குறையே இல்லாத மெஷினை என்னவென்று சரி பண்ணுவது?

"போன்ல உன்கிட்ட நான் என்ன சொன்னேன்? பேரிங் மட்டும் மாத்து, வேற எதுலயும் கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணே. மனசு கேக்கலை. உங்ககிட்ட அதுக்குன்னு காசா கேட்டேன்? பெயிண்டெல்லாம் உரிஞ்சு, பார்க்கவே பாவமா கெடந்துச்சு. அதுவும் கைப்பிடியோட சேர்ந்து சுத்துற அளவு வளையம் இருக்கு பாருங்க, அதோட ஓரத்துல எவனோ அரத்தைப் போட்டு ராவியிருக்கான். எலி கடிச்ச மாதிரி ஏழெட்டு வெட்டு! வெல்டிங் வெச்சு நிரப்பி, வழவழன்னு ஆக்கிட்டேன். கோடு, நம்பரெல்லாம் புதுசா வெட்டி, மேல வெள்ளை பெயிண்ட் ஊத்தித் தேய்ச்சு விட்டிருக்கேன். பத்தடி தள்ளி நின்னு பார்த்தாலும் பளிச்சுனு தெரியும்!"

அண்ணன் வளையத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். இன்னொரு சுற்று தடவினார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நேரம் இருந்த கோபம் எங்கே போனதோ, முகம் வெளிறிப்போயிருந்தது.

"அந்த வெட்டெல்லாம் நான்தான் போட்டேன்."

"நீங்களா? எதுக்குண்ணே? எங்க நிறுத்தணும்னுதான் கோடு கோடா போட்டிருக்கே!"

அண்ணி போய்ப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எதற்கு இந்த அழுகை என்று புரியாமல் மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குக் கண்ணு போயி மூணு வருஷமாச்சு தம்பி... கம்பெனியில சொல்லிடாதே."