ஓடைச் சத்தம்

காதுக்குள் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தாள்.

உடம்பு தளரணும். தளர்ந்தால்தான் பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினால்தான் கண்ணில் கத்தி வைப்பேன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு தடவை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாயிற்று. அங்கே போய்ப் படுத்ததுமே நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது, என்ன செய்ய?

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. போன வாரம் சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டு அவருக்குக் காபி கொடுத்தாள். மனுஷன் வாயைத் திறக்கவில்லை, முழுசாகக் குடித்து முடித்தார். தன் டம்ளரை வாயில் வைத்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

இந்த ஓடை, கோயம்புத்தூரிலிருந்து மகள் யாழினி போனில் அனுப்பியது. கேட்டால் மனசு அப்படியே அமைதியாகிவிடுமாம்.

தண்ணீர் ஓடியது.

ஓடியது.

ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டாள்.

"ஏங்க! டேங்க் வழியுது! மோட்டாரை நிறுத்துங்க!"

பெரம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளிடம், தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திரு என்றால் நடக்கிற காரியமா?

அவர் அதற்குள் படியில் இருந்தார்.

அந்த பிளாக்கில் அவருக்கு மோட்டார் சார் என்றுதான் பெயர். தணிகாசலம் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கூட முழிப்பார். காலையில் கீழே போய் மோட்டார் போடுவது அவர். மொட்டை மாடிக்கு ஏறி டேங்கை எட்டிப் பார்ப்பதும் அவர்தான். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டுவலி வந்த பிறகும் விடவில்லை, வலது காலை இழுத்துக்கொண்டாவது ஏறிவிடுவார். அந்த வீட்டில் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் அவள் நின்றதில்லை.

சரக், டப்.

சரக், டப்.

செருப்புச் சத்தம் கீழே போனது. பிறகு மாடிக்கு ஏறியது. பிறகு நிதானமாக வீட்டுக்கு வந்தது.

"மோட்டாரே போடலையேம்மா" என்றார், மூச்சு வாங்க.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு பிரஷர் மிஷினை எடுத்து அவள் கையில் பட்டையைச் சுற்றினார். நன்றாக இறங்கியிருந்தது.

"பார்த்தியா! ஓடை வேலை செய்யுது!"

சின்னப் பிள்ளை மாதிரி அவருக்குச் சந்தோஷம். தலையணை மேல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மகள் வயலின் அனுப்பினாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மெதுவாக இழுக்கிற வயலின் மட்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது.

"ஏங்க, யாரோ பெரிய தலைவர் போயிட்டார் போலிருக்கே?"

அவரும் ஒரு காதில் வைத்துக் கேட்டார். ஆமாம், அப்படித்தான் இருந்தது. எதற்கும் கடை அடைத்துவிட்டார்களா பார்க்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சரக், டப். சரக், டப்.

தெருவில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்ததாம். யாரும் சாகவில்லை. ஆளுக்கு இரண்டு வாங்கி வந்திருந்தார். அன்றைக்கும் பிரஷர் இறங்கித்தான் இருந்தது.

"வயலினும் வேலை செய்யுது" என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இப்போது மூன்றாவது தடவை, அதே ஆஸ்பத்திரிக் கட்டில்.

காதுக்குள் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் பட்டையைக் கழற்றிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏறித்தான் இருக்கும்மா. கொஞ்ச நேரம் பார்க்கலாம். இறங்கலேன்னா இன்னைக்கும் வீட்டுக்குத்தான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடது கண்ணும் போய்விட்டால்? உப்பு எது சர்க்கரை எது என்பது போகட்டும். அந்த முகம்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் சட்டை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருமினால்கூட அவளுக்கு பிரஷர் ஏறிவிடும் என்று பயந்தவர் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தார். பாவம், இப்படி ஒரு மனுஷன்.

காதில் இருந்ததை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

எவ்வளவு அமைதி!

அந்த அமைதியில் என்னவோ குறைந்தது. என்ன என்று தேடினாள்.

தெரிந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிஸ்டர், வெளியில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்காரு. செருப்பை மாட்டிக்கிட்டு, இந்த ஜன்னலுக்கு வெளியில இருக்கிற படியில கொஞ்சம் ஏறி இறங்கச் சொல்லும்மா."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எழுந்து போய்விடுவார். அவளுக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

சரக்.

டப்.

நர்ஸ் திரும்பி வந்து பட்டையை எடுத்தாள். அவள் கையை நீட்டினாள்.