எடை குறைத்த கார்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகத்துக்கே இருநூறு மட்டும் செய்யப்பட்ட பந்தய ரகக் கார்களில் ஒன்று இன்று ரயில் நிலைய வாசலில் எழுந்தருளியிருக்கிறது.

உரிமையாளர் பக்கத்தில் நின்று கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க டைல்ஸ் விற்றவர்.

சாதாரணக் கார் அல்ல, வேகத்துக்காக எடை குறைத்த வடிவம். பின் இருக்கை கிடையாது. ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது. உள்பக்கம் கதவுக்குக் கைப்பிடிகூட இல்லை. ஒரு நாடா தொங்கும், அதைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் இல்லாததால் விலை அதிகம்.

டாக்சி ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். நிஜமாகவே பதறிப்போனார்.

"என்ன சார் இது, மொத்தமா உருவிட்டுப் போயிருக்கானுங்க! போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

உரிமையாளர் துடைத்த கதவையே மறுபடி துடைத்தார். எடை குறைப்பின் தத்துவம் எல்லோருக்கும் விளங்கிவிடாது.

தவிர, இன்று அவருக்குப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், ஏதோ வேலையாக இந்த ஊருக்கு வருகிறாள். அவளேதான் போன் செய்தாள். ஸ்டேஷனுக்கு வர முடியுமா என்று கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மாடி அறையைக் கழுவித் துடைத்துவிட்டார். மகள் நம் வீட்டில்தான் தங்கப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

மகள் வந்தாள். தோளில் தூங்கும் குழந்தை. அவர் இதுவரை பார்த்திராத பேத்தி.

"எப்படிம்மா இருக்கு?" என்றார்.

பேத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. காரைப் பற்றிக் கேட்டார்.

மகள் குனிந்து உள்ளே பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நல்லாருக்குப்பா. நாங்க எங்க உக்காரணும்?"

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வெறும் தரை பளபளத்தது.

கிளம்பும்போது அவர் நினைத்ததெல்லாம் மகள் இந்தக் காரைப் பார்க்க வேண்டும் என்பதுதான். அவள் இதில் ஏற வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

"இந்த மாதிரி வண்டியில ஒத்த சீட்டுதாம்மா வைப்பாங்க."

பொய். கம்பெனிக்காரர்கள் கேட்கத்தான் கேட்டார்கள், பக்கத்து இருக்கை இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று. "எடுத்துடுங்க, கூட வர எனக்கு யாருமில்லை" என்றவர் அவர்தான். மகளோடு பேச்சை நிறுத்தியிருந்த காலம் அது.

மகள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டாக்சிக்காரர் அதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"பின்னாடியே வாங்கப்பா" என்று மகள் டாக்சியில் ஏறிக்கொண்டாள்.

அவர் நாடாவை இழுத்துக் கதவைச் சாத்தினார். என்ஜின் உறுமியது. சத்தத்தைத் தடுக்கும் அட்டைகளையும் எடை கருதி எடுத்துவிட்டிருந்தார்கள். முன்னால் டாக்சியில் குழந்தை திடுக்கிட்டு விழித்து, வாயைப் பிளந்து அழுவது பின் கண்ணாடி வழியே தெரிந்தது. குரல் கேட்கவில்லை.

நாற்சந்தியில் டாக்சி வலப்பக்கம் திரும்பியது.

அவர் வீடு இடப்பக்கம்.