பூங்கோதை வீசிய பந்து

கோவை பேஸ்பால் அருங்காட்சியகத்தில், பழைய வீராங்கனைகளின் பந்தை அவர்கள் வீசியபடியே வீசும் இயந்திரத்தின் முன் கூட்டம் நின்றது. அதன் திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலில் தன் பெயரைக் கண்டு பூங்கோதை திகைத்தாள். முப்பது வருடங்களுக்கு முன் மாநில அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, தனக்குத் திறமை போதாது என்றே அவள் நம்பிவிட்டாள்.

கல்லூரி அணிப் பெண்கள் அவள் பந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தியாலும் அடிக்க முடியவில்லை.

"நீயே நின்னு பாரு அம்மிணி," என்று கணவர் இன்பராஜ் மட்டையைக் கொடுத்தார்.

நேராக வந்த பந்து, கிட்டே வந்ததும் சட்டென்று வளைந்து இறங்கியது. மூன்று முறையும் அவள் காற்றைத்தான் அடித்தாள்.

"மூணும் போச்சு, அவுட்!" என்று இன்பராஜ் சிரித்தார்.

மூச்சு வாங்க நின்ற பூங்கோதையின் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, இதை எவளுங்க அடிச்சிருப்பா?"