நூறு பங்கு

“முன்பக்கத்தாலை இடிச்சது ஆர்?”

“நான்தான், தலைவர்,” என்றான் நிறோஜன்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் மீனவர் சங்கத்துச் சட்டம் சின்னது. கடலில் இரண்டு படகு மோதினால், எவனுடைய படகின் முன்பக்கம் இடித்ததோ, பிழை முழுக்க அவனுக்கு. இடிபட்ட படகில் விளக்கு எரியவில்லை என்றால் பாதிக்குப் பாதி. அதோடு, விளக்கில்லாமல் நின்றவன் ஆறு மாதம் கடலில் இறங்கக்கூடாது.

சட்டம் போட்டது நான். தலைவரும் நான்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் சங்கத்துக்குள் நெருக்கியடித்து நின்றது. திருத்தித் தரச் சொல்லி ஆக்கள் என்னிடம் தந்த சாமான்கள் மேசைக்குக் கீழே குவிந்து கிடந்தன. காலால் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

“மரியநேசன், என்ன நடந்தது? சுருக்கமாச் சொல்லு.”

“விடியமுதல் நங்கூரம் போட்டிட்டுக் கண்ணயர்ந்தனான். படாரெண்டு வந்து பக்கத்திலை இடிச்சான். முழிக்கேக்கை கடலுக்கை கிடந்தன். படகு பிளந்து போச்சு.”

“விளக்கு?”

மரியநேசன் என் காலடியைப் பார்த்தான். “எரிஞ்சது.”

“நிறோஜன், கண்டனியோ?”

நிறோஜன் மரியநேசனை ஒருக்காப் பார்த்தான்.

“ஓம். எரிஞ்சது.”

“கண்டுமோ இடிச்சனீ? கண்ணைக் கழட்டி வீட்டிலை வைச்சிட்டே போனனீ?”

சனம் சிரித்தது.

“வெறியிலை ஓடியிருப்பான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செயலாளர் யூலிற்றா பேனையை வைத்தார். “இவன் குடிக்கிறேல்லை, தலைவர். ஒருக்கா வடிவா விசாரியுங்கோ.”

“விசாரிச்சாச்சு. எழுது பிள்ளை. நூறு பங்கும் நிறோஜனுக்கு. மரியநேசன்ர படகு திருத்தி முடியுமட்டும் இவன்ர இஞ்சின் சங்கத்திலை நிக்கும்.”

இஞ்சின் இல்லாத படகு வெறும் தொட்டி. மீன் நல்லாய்ப் படுகிற காலம் தொடங்கி நாலு நாள்தான்.

எனக்குச் சந்தேகமில்லை. இஞ்சினைக் கழற்ற நானே கரைக்குப் போனேன். அவன் படகின் பின்பக்கத்தைத் தறப்பாளால் மூடிக் கட்டியிருந்தான்.

“கொஞ்சம் பொறுங்கோ தலைவர், நான் கழட்டித் தாறன்.”

“நீ விலகு.”

தறப்பாளை இழுத்தேன். பின்மூலை நொறுங்கிக் கிடந்தது. அதில் இரும்புக் கறளும் பச்சைப் பெயின்றும் அப்பியிருந்தன. மரியநேசனுடையது பைபர் படகு. அதில் கறள் பிடிக்க இரும்பு ஏது?

“இது என்னடா?”

“பெரிய இரும்பு இழுவைப்படகு.”

“ஒழுங்காச் சொல்லு!”

“நேர மரியநேசன் அண்ணைக்கு மேலை வந்தது, தலைவர். இருட்டிலை அவர் நிக்கிறது அவங்களுக்குத் தெரியேல்லை. கத்திப் பாத்தன். அவர் எழும்பேல்லை. வேற வழியில்லை, இடிச்சுத் தள்ளினன். அவர் தப்பீற்றார். இரும்பு என்ர படகிலை உரசிக்கொண்டு போச்சு.”

“இருட்டோ? விளக்கு எரிஞ்சதெண்டனீ?”

தறப்பாளை இழுத்துப் பழையபடி மூடப் பார்த்தான்.

“எரியேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உனக்குப் பாதி குறைஞ்சிருக்குமே, விசரா!”

“அவரை ஆறு மாதம் கரையிலை இருத்தியிருப்பியள். நாலு பிள்ளையள், தலைவர்.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “விளக்கில்லாமல் கடலுக்குப் போனது அவன்ர கொழுப்பு. அதுக்கு நீ ஏன் பொய் சொல்லுவான்? எங்கை அவன்ர விளக்கு?”

நிறோஜன் குனிந்து இஞ்சினின் ஆணியைக் கழற்றத் தொடங்கினான்.

“தையிலை உங்களிட்டைத் திருத்தத் தந்தவர். நாலு தரம் வந்து கேட்டவர், நீங்கள் ஏசிக் கலைச்சுப்போட்டியள். இண்டைக்கு விசாரணையிலை நீங்கள் காலாலை தள்ளிவிட்டது அதைத்தான், தலைவர்.”