மாடி வீட்டுப் பை

"பையைக் குடுங்கண்ணே, நான் மேல..."

"குடுக்காம நானா வெச்சுக்கப் போறேன்? மொதல்ல இதுல ஒட்டியிருக்கற பேரைப் படி."

"என் பேர்தான். என் போன்ல போட்ட ஆர்டர்தான். அதுக்கு என்ன இப்ப..."

"அதுக்கு என்னவா?"

மளிகைக்கடைக்காரர் பையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்த மாடி வீட்டு நர்ஸ், யூனிபாரத்தோடு கடை வாசலிலேயே நின்றாள். கீழே கடை, கடைக்குப் பின்னால் அவர் வீடு, மேலே அவள் வாடகைக்கு இருக்கும் வீடு, மூன்றும் அவருடையவை.

"டெலிவரிக்காரன் என்கிட்டயே வந்து வழி கேக்கறான். மாடிக்குப் படி எந்தப் பக்கம் சார்னு. கடையில நாலு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறார். என் தலைக்கு மேல குடியிருக்கறவளே வெளியில வாங்கறான்னா, என் சரக்கு சொத்தைன்னுதானே நாலு பேர் நினைப்பாங்க?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாயால சொல்லல. பையால சொல்லிட்ட."

"வீட்டுக்குத்தாண்ணே வாடகைக்கு வந்தேன். எங்க வாங்கணும்னு அக்ரிமெண்ட்ல ஒண்ணும் எழுதலையே."

"ஓஹோ. சட்டம் பேசறியா?" அவர் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி பருப்பை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு. நல்லாப் பாரு. உடைஞ்ச பிஸ்கட், நசுங்கின டப்பா, வண்டு விழுந்த பருப்பு, ஏதாவது ஒண்ணு இந்தக் கல்லாவைத் தாண்டி ஒரு கஸ்டமர் கைக்குப் போயிருக்கா? கண்ணுல பட்ட அன்னைக்கே எடுத்து உள்ள அனுப்பிடுவேன். கேட்டுப் பாரு தெருவுல."

கடையையும் வீட்டையும் பிரிக்கும் திரை பாதி விலகியிருந்தது. உள்ளே அவர் மனைவி தரையில் உட்கார்ந்து, தட்டில் பருப்பைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள். சண்டை வலுக்க வலுக்க அவள் விரல்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன.

நர்ஸ் அந்தத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "உங்க சரக்கு நல்ல சரக்குதாண்ணே. ஒத்துக்கறேன். விடுங்க."

"நல்ல சரக்குன்னா அப்புறம் ஏன் வெளியில வாங்கின?"

"அதைச் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா? அப்ப இங்க இருக்கவும் முடியாது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு."

அதுவரை சரிக்குச் சரி பேசியவள் சட்டென்று இறங்கிவந்தாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல வேற வீடே கிடையாது. மூணு மாசம் அலைஞ்சு இதைப் பிடிச்சேன். உங்களுக்கே தெரியும்."

"போன்தான் இருக்கே. வீட்டையும் அதுலயே ஆர்டர் பண்ணிக்க."

திரை முழுக்க விலகியது. மனைவி தட்டோடு வெளியே வந்து, அதைப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டின் விளிம்பில் இரண்டு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"வா. நீயே வந்து கேளு இந்த அம்மாவை," என்றார் கடைக்காரர். தன் பக்கம் பேச ஆள் வந்துவிட்ட தெம்பு அவருக்கு. "பையைப் பிரி. நம்ம கடையில இல்லாதது ஏதாவது இதுல இருக்கான்னு பாரு."

அவள் பிரித்தாள். ஒரு பருப்புப் பாக்கெட், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சோப்பு. பிஸ்கட் பாக்கெட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

"எல்லாம் நம்ம கடையில இருக்கறதுதாங்க."

"காதுல விழுந்துதா?" என்று நர்ஸைப் பார்த்து முகவாயை ஆட்டினார்.

"அக்கா, வேண்டாம்," என்றாள் நர்ஸ் மெல்ல. "நான் பார்த்துக்கறேன். நீங்க உள்ள போங்க."

மனைவி போகவில்லை. மூன்று சாமானையும் திரும்பப் பையில் போட்டாள். பையை நர்ஸிடம் நீட்டாமல் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவங்களைக் காலி பண்ணச் சொல்லாதீங்க."

"நீ யார் பக்கம் பேசற? இவளுக்கு எதுக்கு நீ பரிஞ்சு..."

"அவங்க போன்ல இதை வரவழைச்சது நான்தாங்க. கஸ்டமருக்குக் குடுக்கற மாதிரிப் பருப்பை, பதினெட்டு வருஷத்துல நானும் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்கணும்னு."