அவைக்குறிப்பில் ஏறாத ஆடு

காட்டுச் சபையில் ஆடு எழுந்து, "தலைவரே, என் குட்டி எங்கே?" என்று கேட்டது.

சிங்கம் குறிப்பெழுதும் ஆந்தையிடம் திரும்பியது. "ஆடு பேசுறது எதுவும் அவைக்குறிப்புல ஏறக் கூடாது. நான் பேசுறதுல ஒரு எழுத்துகூட விடக் கூடாது."

"அப்படியே ஆகட்டுங்க," என்றது ஆந்தை.

மூன்று தலைமுறை கழித்து, காட்டின் வரலாறு எழுத வந்த முயல் அந்தக் குறிப்பேட்டைப் பிரித்தது. ஆடு பேசிய இடமெல்லாம் 'நீக்கப்பட்டது' என்றிருந்தது. சிங்கம் பேசியது மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது.

"குட்டியா? நான் பார்க்கவே இல்லையே."

"அந்த வெள்ளைக் குட்டி தானாத்தான் என் குகைக்குள்ள வந்துச்சு."

"சரி, தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வைக்கிறது பாவம். சாயங்காலம் நீயும் குகைக்கு வா."

(உறுப்பினர்கள் மேசையைத் தட்டி வரவேற்றனர்.)